ஜெமினிச் சந்தி யாருக்கு?

சென்னையில் அண்ணா சாலையும், உத்தமர் காந்தி சாலையும், கதீட்ரல் சாலையும், ஜி. என். செட்டி சாலையும் வந்து கூடும் இடத்தை ஜனங்கள் இன்னும் 'ஜெமினி' என்றே அழைத்து வருகிறார்கள். அந்தப் பெயருக்குக் காரணமாயிருந்த ஸ்டூடியோ மறைந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. சர்க்கார் அங்கே கட்டிய பாலத்துக்கு அண்ணா மேம்பாலம் என்று நாமகரணம் செய்தார்கள். ஆயினும் பஸ்ஸில் கண்டக்டர் 'ஜெமினி' என்று கூவுவதும், பிரயாணிகள் எழுந்து இறங்குவதும் நிற்கவில்லை. ஜனங்களின் ஞாபகம் சர்க்கார் பலகையைவிட உறுதியானது.

இந்தச் சந்தியைப் பற்றி இன்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பூமிக்கடியில் மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்ட வேலை நடைபெறுகிறது. அதற்காகச் சாலையோரங்களில் தகரத் தடுப்புகள் நிற்கின்றன. வேலை முடிந்ததும் தடுப்புகள் அகற்றப்படும். அடைபட்டிருந்த நிலம் மறுபடியும் நகரத்தின் கைக்கு வரும். அப்போது அந்த நிலத்தை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி எழும். தடுப்பை எடுத்த பிறகு யோசிப்போம் என்று இருந்துவிட்டால், யோசிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. வழக்கம்போல் மோட்டார்கள் முதலில் வந்து நின்றுகொள்ளும். ஆகவே பொதுஜனங்கள் இப்போதே விழித்துக்கொள்வது அவசியம் என்று நாம் கருதுகிறோம்.

தோட்ட வீடும் ஸ்டூடியோவும்

மௌண்ட் ரோடு என்று முன்னர் வழங்கிய இந்தச் சாலை, கோட்டையையும் பரங்கிமலையையும் இணைப்பது. கோட்டையில் வியாபாரமும் அதிகாரமும் இருந்தன. மலையருகே பட்டாளம் இருந்தது. இரண்டுக்கும் நடுவே பரந்து கிடந்த வெளியில் கம்பெனி உத்தியோகஸ்தர்கள் பெரிய பெரிய தோட்ட வீடுகளைக் கட்டிக்கொண்டு வசித்தார்கள். அவர்களுடைய வழிபாட்டுக்காக 1815-16-ஆம் ஆண்டுகளில் ஸென்ட் ஜார்ஜ் தேவாலயம் எழுந்தது. கதீட்ரல் சாலை என்ற பெயர் அதனால் வந்ததே. 1835-ஆம் ஆண்டில் அதன் அருகே தோட்டக்கலைச் சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது. மரமும் நிழலும் நிறைந்த பிரதேசமாகவே அது இருந்தது. ஆனால் அந்த நிழல் எல்லோருக்கும் உரியதாக இல்லை. மதில்களுக்குள் இருந்த நிழல் அது.

பிறகு சினிமா வந்தது. ஸ்ரீ கே. சுப்பிரமணியம் முதலியோர் நடத்திவந்த ஸ்டூடியோ தீவிபத்துக்கு இரையான பின்னர், ஸ்ரீ எஸ். எஸ். வாசன் அதை ஏலத்தில் வாங்கி 1940-களின் தொடக்கத்தில் ஜெமினி ஸ்டூடியோவாக்கினார். 'சந்திரலேகா' 1948-ஆம் ஆண்டில் வெளிவந்தபோது இந்த முனையின் பெயர் நாடெங்கும் பரவியது. ஸ்ரீ கொத்தமங்கலம் சுப்பு இங்கே வேலை செய்தார். பிற்காலத்தில் தமிழ் எழுத்துலகில் பெரும் பெயர் பெற்ற ஸ்ரீ அசோகமித்திரன் இங்கே பல ஆண்டுகள் குமாஸ்தா வேலை பார்த்தார். தச்சர்களும், தையற்காரர்களும், சமையற்காரர்களும், எக்ஸ்ட்ரா நடிகர்களும் காலையில் வந்து மாலையில் போவார்கள். அவர்களில் பெரும்பாலோர் பஸ்ஸிலும் சைக்கிளிலும் வந்தவர்கள், நடந்தும் வந்தவர்கள். ஜெமினி என்ற பெயரை ஊருக்குள் கொண்டுபோனவர்கள் இவர்கள்தாம்.

மோட்டாரின் காலம்

1960-களில் சந்தியின் குணம் மாறத் தொடங்கியது. 1962-ஆம் ஆண்டில் கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டல் திறக்கப்பட்டது. மோட்டாரை விட்டு இறங்காமலே இட்லியும் காப்பியும் சாப்பிடலாம். பரிசாரகர் தட்டைக் கொண்டுவந்து வண்டியின் ஜன்னலில் மாட்டுவார். சென்னை வாசிகளுக்கு அது ஒரு புதுமை. மோட்டார் இல்லாதவர்களும் உள்ளே போய் மரத்தடியில் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்ததை நாம் மறக்கவில்லை. 1964-ஆம் ஆண்டில் சபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்று ஒரே கட்டடத்தில் மூன்று தியேட்டர்கள் எழுந்தன. அந்தப் பத்தாண்டின் முடிவில் அமெரிக்கத் தூதரகக் கட்டடமும் வந்து சேர்ந்தது. வண்டிகள் பெருகின. வட்டச் சதுக்கமாக இருந்த இடத்தில் நெருக்கடி உண்டாயிற்று.

பரிகாரமாக 1973-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மேம்பாலம் திறக்கப்பட்டது. சென்னை நகரின் முதல் மேம்பாலம் அது. பம்பாயில் கட்டப்பட்ட பாலங்களை அடுத்து நாட்டிலேயே ஏற்பட்ட பாலம் என்ற பெருமையும் அதற்கு உண்டு. வெளியூரிலிருந்து வந்தவர்கள் அதைப் பார்க்கவென்றே போனார்கள். அந்தப் பாலத்தைக் கட்டிய பொறியாளர்களையும் தொழிலாளர்களையும் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. கொடுத்த வேலையை அவர்கள் திறமையாகவே முடித்தார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அது நகரத்தின் பாரத்தைச் சுமந்து நிற்கிறது.

ஆனால் அவர்களிடம் கொடுக்கப்பட்ட வேலை எது? 'வண்டிகள் நிற்காமல் போக வேண்டும்' என்பது ஒன்றே. நடந்து வருகிறவன் எப்படிக் கடப்பான் என்பது அந்தக் கேள்வியில் அடங்கவில்லை. கேட்காத கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. பாலத்தின் மேலே சில விநாடிகள் மிச்சமாயின. கீழே பல நிமிஷங்கள் செலவாயின. மேலே மிச்சமானவற்றைக் கணக்கெடுத்தார்கள். கீழே செலவானவற்றை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை.

வண்டிக்கு வசதியான இடம் மனிதன் தங்குவதற்கு வசதியற்ற இடமாக மாறுவது எங்கும் கண்ட வழக்கம். ஜெமினியிலும் அப்படியே ஆயிற்று. ஸ்டூடியோ மறைந்தது, அந்த நிலத்தில் அடுக்குமாடிக் கட்டடமும் பெரிய ஹோட்டலும் எழுந்தன. மூன்று தியேட்டர்களும் மூடப்பட்டு இடிக்கப்பட்டன. 2008-ஆம் ஆண்டில் டிரைவ்-இன் ஹோட்டலும் மூடப்பட்டது. ஜனங்கள் கூடுமிடமாக இருந்த ஜெமினி, ஜனங்கள் கடந்துபோகுமிடமாயிற்று.

குதிரையும் சட்டமும்

மேம்பாலத்தின் அருகே, திமிறும் குதிரையை ஒரு மனிதன் இழுத்துப் பிடித்து நிறுத்துவதுபோன்ற சிலைகள் உள்ளன. தினந்தோறும் அவற்றைப் பார்க்கும் அநேகருக்கு அவற்றின் பொருள் தெரியாது. தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. அதன் ஞாபகார்த்தமாக எழுந்த சிலைகள் அவை. பந்தயத்தில் சொத்தையிழந்து தெருவில் நின்ற குடும்பங்களை எண்ணிச் செய்த காரியம் அது. ஆனால் வழக்கு உச்சநீதிமன்றம் வரையில் சென்றது. குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்த சூதாட்டம் ஆகாது, திறமையைப் பொறுத்த ஆட்டம் என்று 1996-ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. சட்டத்தின் நோக்கம் நிறைவேறாது போயிற்று. சிலைகள் மட்டும் நின்றுவிட்டன.

நாம் வக்கீல் தொழிலிலும் பழகியவர்களாதலால், அந்தக் குதிரைகளைக் காணும்போதெல்லாம் ஒரு விஷயம் மனத்தில் தோன்றும். காகிதத்தில் எழுதிய முடிவை மாற்றிக்கொள்ளலாம். கல்லிலும் கான்கிரீட்டிலும் எழுதிய முடிவு, அதன் காரணம் போன பிறகும் நின்றுவிடுகிறது. 1973-ஆம் ஆண்டில் சென்னைக்கு மெட்ரோ ரயில் இல்லை. வேறு வழி தெரியாத காலத்தில் செய்த முடிவு அந்தப் பாலம். இன்று வேறு வழி தெரிந்திருக்கிறது. தெரிந்த பிறகும் பழைய முடிவையே திரும்பத் திரும்பக் கான்கிரீட்டில் எழுதுவோமானால், அந்தப் பிழைக்கு நாமே பொறுப்பாளிகள்.

ஒரு காலை நேரம்

சென்ற வாரத்தில் ஒருநாள் காலை எட்டரை மணிக்கு நாம் அந்தச் சந்தியில் போய் நின்றோம். வழக்கமாக மோட்டாரில் கடக்கும் இடத்தை அன்று காலால் கடந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். ஒரு பக்கத்து நடைபாதையிலிருந்து எதிர்ப்பக்கத்து நடைபாதைக்குப் போய்ச் சேர்ந்தபோது கடிகாரத்தைப் பார்த்தோம். ஏழு நிமிஷங்கள் ஆகியிருந்தன. நமக்குக் கால்கள் திடமாக இருக்கின்றன. கையில் சுமையும் இல்லை. நம்முடன் கடந்தவர்களில் ஒரு கிழவர் இருந்தார். ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். புத்தகப் பையுடன் இரண்டு சிறுமிகள் இருந்தார்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் நால்வர், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, வண்டிகளுக்கு எதிரே மற்றக் கையை நீட்டியவாறு ஓடினார்கள். சுதந்திர நாட்டின் பிரஜைகள், தங்கள் சொந்த நகரத்தில், தங்கள் வரிப்பணத்தில் போட்ட சாலையை, கும்பிடு போடுவதுபோல் கை நீட்டிக் கடக்கிறார்கள்.

பாலத்தின் நிழலில் பூக்கூடையுடன் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். "இந்தப் பாலம் உங்களுக்கு உபயோகமாக இருக்கிறதா, அம்மா?" என்று கேட்டோம். அவர் நம்மைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "பாலம் வண்டிக்குக் கட்டினாங்க, ஐயா. எனக்கு வெயிலுக்கு நிழல், அவ்வளவுதான். அந்த நிழலும் போலீஸ் வராத வரைக்கும்" என்றார்.

அந்த அம்மாளின் பேச்சில் இந்தச் சந்தியின் முழுக் கணக்கும் அடங்கியிருக்கிறது. நகரத்தின் பிரயாணக் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 2008-ஆம் ஆண்டையொட்டி நடந்த போக்குவரத்து ஆராய்ச்சியில், சென்னை வாசிகள் செய்யும் பிரயாணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்டவை கால்நடையாகவே நடக்கின்றன என்றும், கார்ப் பிரயாணங்கள் பத்தில் ஒன்றுகூட இல்லை என்றும் தெரியவந்தது. அதன் பிறகு கார்கள் பெருகியிருப்பது வாஸ்தவம். ஆயினும் பஸ்ஸில் வருகிறவனும், ரயிலில் வருகிறவனும் முதலிலும் முடிவிலும் நடக்கத்தானே வேண்டும்? நடப்பவர்களே பெரும்பான்மையோர், சாலையில் அவர்களுக்குக் கிடைப்பது சிறுபான்மைப் பங்கு.

பூமிக்கடியில் ஒரு மாறுதல்

இனி நம்பிக்கை தரும் விஷயத்துக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ்.ஸிலிருந்து வண்ணாரப்பேட்டை வரையில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது; அண்ணா சாலையின் அடியில் ஆயிரம்விளக்கில் ஒரு நிலையம் ஏற்பட்டது. இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிப்காட் வரையில் 45 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஒரு வழி அமைகிறது. அது நுங்கம்பாக்கத்திலிருந்து வந்து, மேம்பாலத்தருகே ஒரு நிலையம் கண்டு, ஆயிரம்விளக்கில் பழைய வழியுடன் கலந்து, இராயப்பேட்டை பக்கம் திரும்புகிறது. 118.9 கிலோமீட்டர் கொண்ட இந்த இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய் செலவு திட்டமிடப்பட்டு, 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய மந்திரிசபை அங்கீகாரம் அளித்தது.

பூமிக்கு மேலேயும் மாறுதல் உண்டு. டிரைவ்-இன் ஹோட்டல் இருந்த நிலத்தைச் சர்க்கார் திரும்பப் பெற்று, 2010-ஆம் ஆண்டு நவம்பரில் அங்கே செம்மொழிப் பூங்காவைத் திறந்தார்கள். தோட்டக்கலைச் சங்கத்தின் வசமிருந்த மற்றொரு நிலமும் மீட்கப்பட்டு, 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா அமைந்தது. அதன் பரப்பு ஆறு ஏக்கருக்குச் சற்று அதிகம். நகரத்தின் நடுமையத்தில், ஒரு சதுர அடிக்குப் பொன் விலை பேசும் இடத்தில், மதிலுக்குள் இருந்த நிலம் பொதுவுக்குத் திரும்பியது சாமான்யமான காரியமன்று. இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் இரண்டு பூங்காக்களையும் பிரித்து நடுவே ஓடுவது கதீட்ரல் சாலை. பூங்காவுக்குள் நுழைந்தால் நடப்பவன் ராஜா. வாசலை விட்டு வெளியே காலை வைத்தால் அவனே அகதி. பூங்காவைத் திறந்தபோது பெரியவர்களுக்கு 100 ரூபாய் நுழைவுக் கட்டணம் விதித்தார்கள். நான்கு பேர் கொண்ட ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் உள்ளே போவதானால் அன்றைய கூலியில் பெரும் பகுதி வாசலிலேயே தீர்ந்துவிடும். மதில் இருந்த இடத்தில் டிக்கெட் ஜன்னல் வந்திருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல; ஆனால் ஏழைக்கு வித்தியாசம் அதிகமில்லை.

இரண்டு அபாயங்கள்

இந்தச் சந்தியைப் புதுப்பிக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போது, இரண்டு அபாயங்களைக் குறித்து ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

முதல் அபாயம், மறுபடியும் பாலம் கட்டுவது. 2024-ஆம் ஆண்டில் இதே அண்ணா சாலையில், தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரையில் 621 கோடி ரூபாய்ச் செலவில் 3.2 கிலோமீட்டர் நீளமுள்ள மேல்மட்டச் சாலை தொடங்கப்பெற்றது. அதன் அடியிலேயே மெட்ரோ ரயில் ஓடுகிறது. ஒரு கையால் ஜனங்களை ரயிலுக்கு அழைத்துக்கொண்டே மறு கையால் மோட்டாருக்கு மேலும் ஒரு சாலை போடுவது என்ன நியாயம் என்று நமக்கு விளங்கவில்லை. சாலையை அகலமாக்கினால் வண்டிகள் குறைவதில்லை. கிடைத்த இடத்துக்குத் தக்கவாறு வண்டிகள் பெருகுகின்றன. இதை உலகத்தின் பெரிய நகரங்களெல்லாம் பட்டறிந்துவிட்டன.

இரண்டாவது அபாயம் இதைவிட நயமானது. 'அபிவிருத்தி' என்ற பெயரில் நிலத்தை உயர்ந்த கட்டடங்களுக்குக் கொடுத்து, சந்தியை அழகுபடுத்தி, அங்கே பிழைத்துக்கொண்டிருந்தவர்களை அப்புறப்படுத்துவது. ரயில் நிலையம் வந்தால் நிலத்தின் விலை ஏறும். அந்த ஏற்றம் பொதுஜனங்கள் கொடுத்த வரியினால் உண்டானது. அதை அனுபவிப்பது யார்?

லண்டனும் ஸியோலும்

லண்டனில் எலிபண்ட் அண்டு காஸில் என்ற சந்தி ஒன்று உண்டு. நமது ஜெமினியைப் போலவே அதுவும் 1960-களில் மோட்டாருக்காகத் திருத்தி அமைக்கப்பட்டது. நடுவே வட்டச் சதுக்கம். நடப்பவர்கள் சுரங்க வழியில் இறங்கி ஏற வேண்டும். 1965-ஆம் ஆண்டில் அங்கே ஒரு பெரிய அங்காடிக் கட்டடம் திறக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் ஜனங்கள் பட்ட கஷ்டத்துக்குப் பின், 2015-16-ஆம் ஆண்டுகளில் வட்டத்தை உடைத்து, ஒரு பக்கத்தைச் சாலையிலிருந்து எடுத்து நடப்பவர்களுக்கு விட்டார்கள். தரைமட்டத்திலேயே கடக்க வழி ஏற்பட்டது. இது மெச்சத்தக்கது.

ஆனால் கதையின் மற்றப் பாதியையும் படிக்க வேண்டும். அந்தச் சந்தியையடுத்து ஹேகேட் என்ற நகரசபைக் குடியிருப்பு இருந்தது. 1974-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அதில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் குறைந்த வாடகையில் வசித்தன. புதுப்பிக்கும் திட்டத்தில் அது முழுவதும் இடிக்கப்பட்டது. புதிதாக எழுந்த வீடுகளில், பழைய குடிகளுக்குக் கட்டுபடியாகும் வாடகையில் கிடைத்தவை மிகச் சிலவே. பழைய அங்காடியும் 2020-ஆம் ஆண்டில் மூடப்பட்டு மறு ஆண்டில் இடிக்கப்பட்டது. அங்கே சிறு கடை வைத்துப் பிழைத்த தென்னமெரிக்கக் குடியேற்றக்காரர்கள் இடம் தேடி அலைந்தார்கள்.

கொரியாவின் தலைநகரான ஸியோலிலும் அதே பாடம். அங்கே ஓர் ஓடையை மூடி அதன்மேல் மேல்மட்டச் சாலை கட்டியிருந்தார்கள். 2003-ஆம் ஆண்டில் துணிந்து அதை இடிக்கத் தொடங்கி, 2005-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 6 கிலோமீட்டர் தூரத்துக்கு ஓடையை மீட்டு, இரு கரையிலும் நடைபாதை போட்டார்கள். உலகமே போய்ப் பார்த்து வியக்கிறது. ஆனால் அந்தச் சாலையோரத்தில் பிழைத்த தெரு வியாபாரிகள் ஒரு பழைய விளையாட்டு மைதானத்துக்கு அனுப்பப்பட்டார்கள். சில ஆண்டுகளில் அந்த மைதானமும் வேறொரு பெரிய கட்டடத்துக்காக இடிக்கப்பட்டது. காலுக்கு வழி கிடைத்தது; வயிற்றுக்கு வழி அடைபட்டது.

இரண்டு நகரங்களிடமிருந்தும் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. மோட்டாரிடமிருந்து மீட்ட நிலத்தைப் பணக்காரரிடம் ஒப்படைத்தால், ஏழைக்கு எஜமானர் மாறினார் என்பதைத் தவிர வேறு லாபமில்லை.

நமது யோசனைகள்

இப்படிப்பட்ட நிலையில் ஜெமினிக்குச் செய்யத்தக்கது என்ன? நமது யோசனைகளைச் சுருக்கமாக வெளியிடுகிறோம்.

முதலாவது, ஐந்து வழிகளிலும் தரைமட்டத்திலேயே கடக்கும் பாதை வேண்டும்; கிழவரும் கர்ப்பிணியும் சக்கர நாற்காலியில் வருபவரும் நிதானமாகக் கடந்து முடிக்கும் வரையில் வண்டிகள் நிற்க வேண்டும். நடப்பவனைப் படியேறச் சொல்வதும் படியிறங்கச் சொல்வதும், இயந்திர பலமுள்ளவனுக்கு ஓய்வு கொடுத்துக் கால் பலம் குன்றியவனிடம் வேலை வாங்குவதாகும்.

இரண்டாவது, புதிய மெட்ரோ நிலையத்தின் வாசல்கள் சாலையின் எல்லாப் பக்கங்களிலும் நடைபாதையோடு ஒட்டித் திறக்க வேண்டும். நிலையத்தின் வழியாகச் சாலையைக் கடப்பவர்களிடம் டிக்கெட் கேட்கலாகாது. பஸ் நிற்கும் இடம் அந்த வாசலுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, பாலத்தின் அடியில் கிடைக்கும் இடத்தை மோட்டார் நிறுத்துவதற்கு விடக்கூடாது. கத்திப்பாராவில் மேம்பாலங்களுக்கு நடுவே இருந்த நிலத்தை 2021-ஆம் ஆண்டில் பஸ்களும் ஜனங்களும் கூடும் சதுக்கமாக மாற்றியிருப்பதைக் காண்கிறோம். பாலத்தடி என்றால் குப்பையும் இருட்டும்தான் என்ற விதி இல்லை என்பதற்கு அது சாட்சி. ஜெமினியில் ஆசனங்களும், குடிதண்ணீரும், சுத்தமான கழிப்பிடமும், நல்ல விளக்கும் இருந்தால் போதும், பளபளப்பு அவசியமில்லை.

நான்காவது, அங்கே பிழைக்கும் தெரு வியாபாரிகளுக்குச் சட்டப்படி இடம் ஒதுக்க வேண்டும். இது தர்மம் கேட்பதன்று. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், கணக்கெடுத்து முடியும் வரையில் ஒருவரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது; நகர வியாபாரக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் அவர்களுடைய பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்கிறது. பூக்கார அம்மாளின் நிழல், போலீஸ்காரரின் தயவில் இருக்கலாகாது. சட்டத்தின் ஆதாரத்தில் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, இரண்டு பூங்காக்களின் வாசல்களையும் ஒரே நடைவழியாக இணைத்து, காலையிலும் மாலையிலும் சில மணி நேரமாவது கட்டணமின்றித் திறந்துவிட வேண்டும்.

ஆறாவது, சந்தியைச் சுற்றியுள்ள பொது நிலம் எதையும் விற்கக்கூடாது. அங்கே கட்டடம் எழுவதானால், அந்த வட்டாரத்தில் வேலை செய்யும் சிற்றூழியர்கள் குடியிருக்கத்தக்க வாடகை வீடுகளுக்கு அதில் ஒரு பங்கு இருக்க வேண்டும்.

ஏழாவது, திட்டத்தின் வரைபடத்தைத் தமிழில் அச்சிட்டு, அதே சந்தியில், ஜனங்கள் நின்று பார்க்கும்படி தொங்கவிட வேண்டும். ஆட்சேபம் கேட்கும் கூட்டத்தை ஹோட்டல் மண்டபத்தில் அல்லாமல் பள்ளிக்கூடத்தில் கூட்ட வேண்டும்.

மேம்பாலத்தை இன்றே இடிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அது உழைக்கும் வரையில் உழைக்கட்டும். ஆனால் அதன் ஆயுள் முடியும் காலத்தில் அதற்குப் பதிலாக இன்னொன்று எழும்பக் கூடாது என்ற தீர்மானத்தை இப்போதே செய்துகொள்ளலாம்.

ஓர் ஆட்சேபம்

'தரையில் வண்டிகளை நிறுத்தினால் நகரமே ஸ்தம்பித்துவிடும்' என்று சிலர் சொல்வார்கள். ஆம்புலன்ஸும், பஸ்ஸும், பொருள் ஏற்றிவரும் வண்டியும் போகத்தான் வேண்டும், அதில் விவாதமில்லை. அவற்றுக்கு வழிவிட வேண்டுமானால், ஒருவர் மட்டும் ஏறிப் போகும் மோட்டாரைக் குறைப்பதே சரியான முறை. அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தின் கடற்கரையோரத்தில் இருந்த மேல்மட்டச் சாலை 1989-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் பழுதாயிற்று. அதை எடுத்துவிட்டால் நகரம் நின்றுவிடும் என்று அங்கேயும் சொன்னார்கள். 1991-ஆம் ஆண்டில் இடித்தார்கள், நகரம் நிற்கவில்லை. கடற்கரை மட்டும் ஜனங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. நமது தியாகராயநகரில் 2019-ஆம் ஆண்டில் பாண்டி பஜாரின் வண்டிப் பாதையைக் குறுக்கி நடைபாதையை அகலப்படுத்தியபோதும் சென்னை நின்றுவிடவில்லை.

கொள்கைக்கும் குறைவில்லை. போக்குவரத்துச் செலவில் நூற்றுக்கு அறுபது பங்குக்குக் குறையாமல் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் செலவிடுவது என்று சென்னைக் கார்ப்பரேஷன் 2014-ஆம் ஆண்டிலேயே கொள்கை வகுத்தது. 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்சநீதிமன்றம், தடையற்ற நடைபாதையில் நடக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆவது ஷரத்து வழங்கும் உயிர்வாழும் உரிமையில் அடங்கியது என்று கூறியிருக்கிறது. ஆகவே கொள்கையும் நம் பக்கம் இருக்கிறது. சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. இல்லாதது ஜனங்களின் குரல் ஒன்றே.

பொதுக்காரியங்களில் ஈடுபட்ட நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய விஷயங்களுக்காக மேடை ஏறுகிறோம், ஊர்வலம் போகிறோம். ஒரு சாலையைக் கடப்பது அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஏழைப் பிரஜை தன் சர்க்காரைத் தினமும் சந்திப்பது கச்சேரியிலும் சட்டசபையிலுமல்ல, நடைபாதையில்தான். அங்கே அவனுக்கு மரியாதை இல்லையென்றால், மற்ற இடங்களில் நாம் வழங்கும் மரியாதை வெறும் பேச்சாகிவிடும். உங்கள் வட்டத்துக் கவுன்சிலரை ஒருநாள் காலை எட்டரை மணிக்கு ஜெமினிக்கு அழைத்துப் போங்கள். மோட்டாரை ஒரு பர்லாங்குக்கு முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். அந்த வேலைக்காரப் பெண்களோடு சேர்ந்து அவரும் ஒரு தடவை சாலையைக் கடக்கட்டும். பிறகு திட்டத்தைப் பற்றி அவரோடு பேசுங்கள்.

தகரத் தடுப்புகள் அகற்றப்படும் நாள் வரத்தான் போகிறது. அந்த நாளில் அந்த நிலத்தில் முதலில் படுவது மோட்டார்ச் சக்கரமா, மனிதனின் காலா என்பதை நாம் இப்போதே முடிவு செய்தாக வேண்டும்.